கதவு விரிசல் விட்ட பீரோ: ஒரு செராமிக் சிற்பக் கண்காட்சியில் நடந்தவை

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்ன செராமிக் பட்டறையில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பட்டறையை நடத்துபவர் ஒரு பெண் சிற்பி. அவருக்கு உதவியாக ஓர் இளைஞர். கண்காட்சியை ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது. நாங்கள் மூவரும் எடுத்த முடிவுகளில் சில சரியாக அமைந்தன, சில அமையவில்லை. மண்ணில் உருவம் செய்பவர்களுக்கும், அதைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும் இரண்டுமே பயன்படும். அதனால்தான், பெயர்கள் இல்லாமல், அவர்கள் இருவரின் சம்மதத்தோடு பதிவு செய்கிறேன்.

பின்னணி

1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு மண்பாண்டக் கலைஞர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று இன்று அந்த வட்டாரத்திலும் ஆரோவில் பக்கமும் பல பட்டறைகள் இருக்கின்றன. கப், தட்டு, ஜாடி என்று புழங்கும் சாமான்களில் தொடங்கி மெல்ல சிற்பத்துக்கு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். எங்கள் சிற்பியும் பல வருஷம் கோப்பைகள் செய்த பிறகுதான் உருவங்கள் பக்கம் வந்தார்.

அவர் கையில் வீட்டுச் சாமான்களுக்கு உயிர் வந்துவிடும். ஆட்டுக்கல் குழியில் குழவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். ஆமையின் ஓடு மூன்றடுக்கு டிபன் கேரியராக இருக்கும். ரேஷன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு காகம் மழைக்கு ஒதுங்கி நிற்கும். முதலில் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். இந்த ஆமை யாருக்குச் சாப்பாடு கொண்டு போகிறது என்பது கொஞ்ச நேரம் நின்ற பிறகே மனசில் ஓடத் தொடங்கும்.

மண்ணில் இப்படி விளையாடுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1870-களிலிருந்து லண்டனிலும் பிறகு சவுத்ஹாலிலும் வேலை செய்த மார்ட்டின் சகோதரர்கள், தலையைக் கழற்றி மூடும் பறவை ஜாடிகளைச் செய்தார்கள். ஒவ்வொரு பறவையின் முகத்திலும் யாரோ ஒரு மனிதரின் களை இருக்கும். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ஆர்னெசன் என்ற சிற்பி 1966-ல் செய்த ஒரு டைப்ரைட்டரில் எழுத்துக் கட்டைகளுக்குப் பதில் சிவப்பு நகப்பூச்சு பூசிய விரல்நுனிகள் வரிசையாக நிற்கின்றன. இயந்திரம் மட்டும்தான் அங்கே இருக்கிறது. அதன் முன்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தட்டிய ஒரு பெண்ணை நாமே நினைத்துக்கொள்கிறோம். நம்மூரில் இதற்குக் கொலுப்படியைச் சொல்லலாம். அரிசி பருப்பைக் குவித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையிடம், யாரும் சொல்லித்தராமலே குழந்தைகள் சாமான் வாங்கி, பேரம் பேசி, கடனும் சொல்லும். சிற்பி வளர்ந்தது அப்படிக் கொலு வைக்கிற வீட்டில். தன் வேலைக்கு முதல் பள்ளிக்கூடம் அந்தப் படிகள்தான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கண்காட்சி பொங்கலுக்கு அடுத்த வாரம், பத்து நாள். மொத்தம் பதினான்கு உருவங்கள். நடுநாயகமாக ஒரு பீரோ.

பீரோ

முழங்கால் உயரம் இருக்கும். வீடுகளில் ‘கோத்ரெஜ் பீரோ’ என்று பொதுவாகச் சொல்வோமே, அந்த இரும்புப் பீரோவின் வடிவம். அடியில் நான்கு குட்டைக் கால்களுக்குப் பதில் இரண்டு கோழிக் கால்கள். ஒன்று முன்னே எட்டு வைத்திருக்கும். கதவு ஒரு விரற்கடை திறந்திருக்க, இடுக்கில் மாட்டிய புடவைத் தலைப்பு வெளியே வழிந்து தரையைத் தொடும். இரண்டே காலில் மண் உருவம் நிற்காது. அந்தத் தலைப்புதான் மூன்றாவது கால். பார்ப்பவருக்கு அது அவசரம், சிற்பிக்கு முட்டுக்கொடுத்த தூண். அந்த ஓர் இடத்துக்காக மட்டும் அவர் இருபது, முப்பது படங்கள் வரைந்து பார்த்தார்.

பதினான்கு உருவங்களுக்கும் ஒவ்வொரு குட்டிக் கதை எழுதி, அட்டையில் அச்சடித்துப் பக்கத்தில் வைப்பது திட்டம். கதைகளையும் அவரே எழுதினார். பீரோவின் கதை: அம்மா இறந்த பிறகு மகனின் நகரத்து வீட்டில் இடமில்லாமல் போன பீரோ, தன் ஊருக்கே நடந்து திரும்புகிறது.

முதல் முயற்சி

அக்டோபரில் செய்த முதல் பீரோ நவம்பரில் வெடித்தது. கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சு, போடுவதற்கு முந்தைய முதல் சுடுதல் அது. சூளை 150 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து அடைத்த குரலில் ஒரு சத்தம். மறுநாள் திறந்தபோது இடது கால் தொடையிலிருந்து பொடிப்பொடியாகச் சிதறி, பக்கத்துத் தட்டில் இருந்த இரண்டு சின்ன உருவங்களிலும் சில்லுகள் ஒட்டியிருந்தன.

உருவம் வெடித்தால் ‘மண்ணுக்குள்ள காத்து இருந்திருக்கு’ என்று சொல்வது வழக்கம். காற்று மட்டும் வெடிக்காது, வெடிக்க வைப்பது ஈரம். கெட்டியான இடத்தின் நடுவில் தங்கிய தண்ணீர் நூறு டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. கோழித்தொடை கட்டை விரலைவிடப் பருமன், உள்ளே திடம். அதோடு வடகிழக்குப் பருவமழை. பட்டறையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயவில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். பீரோவின் உடம்பை அப்படிப் பார்த்தார்கள். அடியில் இருந்த கால்களை யாரும் பார்க்கவில்லை.

உமி

இந்தக் கட்டத்தில்தான் உதவியாளர் ஒரு யோசனை சொன்னார். அவர் மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பத்துப் பையன். அய்யனார் கோயில் குதிரைகள் செய்வதைத் தாத்தாவின் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவர்.

“அக்கா, குதிரைக் காலை எங்க தாத்தா கட்டையா செய்யவே மாட்டாரு. குழா மாதிரி சுத்தி எடுத்து, உள்ள வெத்தா விட்டுடுவாரு. மண்ணுல உமி போடுவோம். உமி எரிஞ்சுபோன எடத்துல ஆவி வெளிய போயிடும்.”

ஆள் உயரக் குதிரைகள் பருவமழைக்கும் மாட்டுச்சாணி, வைக்கோல் தீக்கும் தாக்குப்பிடித்து நிற்பது இந்த அறிவால்தான். களிமண்ணோடு மணல், உமி, வைக்கோல் கலப்பது, காலையும் உடம்பையும் உள்ளீடற்ற குழாய்களாக எழுப்புவது, ஆவி போக வழி விடுவது எல்லாமே தலைமுறைகளாகச் சோதித்துப் பார்த்த தீர்வுகள். சிற்பி அன்றே ஒப்புக்கொண்டார். இரண்டாவது பீரோவின் கால்கள் குழாயாக எழுந்தன, ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் ஊசித்துளை.

உமி விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. சின்ன வில்லை ஒன்றில் சோதித்துப் பார்த்தபோது, உமி எரிந்த இடமெல்லாம் கிளேஸில் குண்டூசித் துளைகள். பீரோவின் வெளிப்பக்கமோ பெயின்ட் அடித்த இரும்பு மாதிரி வழவழவென்று இருந்தாக வேண்டும். அதனால் கால்களை முழுக்க உமி மண்ணிலும், கதவையும் பக்கவாட்டுப் பலகைகளையும் இரண்டு படையாகவும் செய்தார்கள். உள்படை உமி மண், மேலே மெல்லிய சாதா மண். அப்போது மூவருக்குமே அது சாமர்த்தியமான வழியாகத்தான் தெரிந்தது. எனக்கு இன்றும் உறுத்துகிற முடிவு அது. காரணம் கீழே வருகிறது.

இந்தச் சுற்றில் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டோன்வேர் மண், அதாவது அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் களிமண், ஈரத்தில் இருந்து முழுச் சூடு வரை போய் வருவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். இரண்டு பாதமும் புடவை நுனியும் சூளைத் தட்டில் உராய்ந்து நின்றால் மேலே உடம்பு சுருங்கும்போது கால் பிளக்கும். அதனால் அதே மண்ணில் ஒரு பலகை செய்து அதன் மேல் பீரோவை நிறுத்தினார்கள். பலகையும் கூடவே சுருங்கும், பாதங்களும் கூடவே நகரும். மூன்று கால்களில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

சூளையைத் திறந்த காலை

முதல் சுடுதல் நல்லபடியாக முடிந்தது. கிளேஸ் சுடுதல் ஜனவரி முதல் வாரம், 1,280 டிகிரி. உருவங்களைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போகும் வண்டி வருவதற்கு இரண்டே நாள் இருந்தது. சுட்டு முடித்து, சூடு இறங்கி மீட்டர் 260 காட்டியபோது சிற்பி சூளை வாசலில் இரண்டு செங்கல்லை உருவினார். அவசரத்தில் செய்தது, வேறு காரணம் இல்லை. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. வண்டியை அன்றைக்கு வரச்சொன்னவர்களில் நானும் ஒருவர்.

கொஞ்ச நேரத்தில் ‘டிங்’ என்று ஒரே ஒரு சத்தம். வெண்கல டம்ளரை நகத்தால் சுண்டினால் வருமே, அப்படி.

வெளியே எடுத்தபோது பீரோ முழுசாக நின்றது. பச்சை கலந்த சாம்பல் நிறம், பழைய அலுவலகப் பீரோவின் அதே நிறம். கைப்பிடிக்குக் கீழே தொடங்கி, கொஞ்சம் வளைந்து, கதவின் கீழ் விளிம்புவரை ஒரு மயிரிழை விரிசல்.

முதலில் புடவையும் கதவும் ஒட்டும் இடம் இழுத்ததால் வந்தது என்று நினைத்தோம். சிற்பி விரல் நகத்தை விரிசலின் குறுக்கே மெல்ல இழுத்தார். நகம் மாட்டியது. பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தார். கிளேஸின் விளிம்பு உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மையாக இருந்தது. கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் இருந்திருந்தால், உருகிய கிளேஸ் அதன் ஓரங்களில் உருண்டு வழிந்திருக்கும். ஓரம் கூர்மை என்றால், கிளேஸ் இறுகிய பிறகு, ஆறும்போது விழுந்த விரிசல். நாங்கள் கேட்ட ‘டிங்’ அதுதான்.

சுட்ட மண் ஆறும்போது இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ், அதாவது மணலில் இருக்கும் சிலிக்கா, சட்டென்று சுருங்கும். 225 டிகிரி வாக்கில் கிரிஸ்டோபலைட் சுருங்கும். கிரிஸ்டோபலைட் என்பது அதிகச் சூட்டில் சிலிக்கா எடுக்கும் இன்னொரு வடிவம். நாங்கள் செங்கல்லை உருவியது இந்த இரண்டாவது இடத்தை நெருங்கும் நேரம். குளிர்காற்று பட்ட முன்பக்கம் ஒரு வேகத்திலும், உள்பக்கம் இன்னொரு வேகத்திலும் சுருங்கியிருக்கிறது.

உமியின் பங்கு அப்புறம்தான் புரிந்தது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நாட்டுச் சூளையின் 700, 800 டிகிரியில் அது ஒன்றும் செய்யாது. 1,280 டிகிரியில் அதே சிலிக்கா கிரிஸ்டோபலைட்டாக மாறும். ஆக, கதவின் உள்படையில் நாங்களே கிரிஸ்டோபலைட்டைச் சேர்த்து வைத்திருந்தோம், வெளிப்படையில் அது குறைவு. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு படைகள் ஒரே நேரத்தில் இரண்டு அளவுக்குச் சுருங்கினால் நடுவில் இருப்பது விட்டுத்தான் ஆக வேண்டும். முழுக்க உமி மண்ணால் ஆன கால்களில் விரிசல் இல்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. அவசரமாகத் திறந்ததும் இரண்டு படையும் சேர்ந்து செய்த வேலை என்று முடிவுக்கு வந்தோம்.

உதவியாளர் அன்று முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் சிற்பி அவரிடம், “உன் தாத்தா சொன்னது தப்பில்லப்பா. நான்தான் அதை அவர் கேட்காத சூட்டுக்குக் கொண்டுபோனேன்” என்றார். அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. உண்மையும் அதுதான்.

விரிசலோடு வைப்பதா, வேண்டாமா

மறுபடி சுடுவது உதவாது. ஆறும்போது விட்ட விரிசல் அடுத்த சூட்டில் வாய் பிளக்கத்தான் வாய்ப்பு அதிகம். எபாக்ஸி பசை வைத்து அடைத்து, நிறம் பூசினால் பத்தடி தூரத்துக்குத் தெரியாது. பலரும் செய்வதுதான். விரிசலில் தங்கப் பொடி பூசும் ஜப்பானிய வழியை ஒரு நண்பர் சொன்னார். இந்தப் பீரோவின் வீட்டில் அதற்கு இடமில்லை என்று சிற்பி மறுத்தார். காட்சிக்கே வைக்காமல் விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

முடிவைத் திருப்பியது உதவியாளர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியம். “பூட்டை நெம்புன பீரோ மாதிரி இருக்குக்கா.”

சிற்பி ரொம்ப நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மறைக்காமல், நிறம் பூசாமல், அப்படியே வைப்பது என்று தீர்மானித்தார். அதற்கு மூன்று நிபந்தனைகள். விரிசல் எடை தாங்கும் கால்களுக்குப் போகவில்லை என்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டும். உயரமான பீடத்தில் வைக்காமல், தரையோடு ஒட்டிய மணல் தட்டில் வைக்க வேண்டும். கேட்டாலும் விற்கக் கூடாது. கதை அட்டையையும் திருப்பி எடுத்துக்கொண்டார். நெம்பித் திறக்கப்பட்ட பீரோ ஊருக்குத் திரும்பும் பீரோ இல்லை, வேறு எழுத வேண்டும் என்றார். எழுத நேரம் கிடைக்கவில்லை. திறப்பு நாளன்று பதின்மூன்று உருவங்களின் பக்கத்தில் கதை அட்டை இருந்தது, பீரோவின் பக்கத்தில் மட்டும் இல்லை.

அட்டை இல்லாத ஒரே உருவம்

மூன்றாம் நாள் மாலை ஓர் ஓரமாக உட்கார்ந்து வருபவர்களைக் கவனித்தேன். மற்ற உருவங்களின் முன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்தது. வருவார்கள், சிரிப்பார்கள், குனிந்து அட்டையைப் படிப்பார்கள், உருவத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து ‘ஓ, அப்படியா’ என்பது போலத் தலையாட்டிவிட்டு நகர்வார்கள். அட்டையைப் படித்த பிறகு உருவத்தைச் சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆமையின் பின்பக்கத்தில், டிபன் கேரியரின் நடு அடுக்கிலிருந்து சாம்பார் வழிந்த கறையை இரும்பு ஆக்சைடால் ஒரு கோடு இழுத்திருந்தார். அன்று மாலை அதை யாரும் பார்க்கவில்லை.

பீரோ தரையில் இருந்ததால் முன்னால் வந்தவர்கள் குந்தி உட்கார்ந்தார்கள். படிக்க எதுவும் இல்லாததால் தேடத் தொடங்கினார்கள். இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை சொன்னது என் நோட்டில் இருக்கிறது.

“அப்பா, இது அவசரமா கெளம்பியிருக்கு. பொடவை மாட்டிக்கிச்சு பாரு.”

“இல்லம்மா, உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க. அதான் கதவு தெறிச்சிருக்கு.”

“உள்ள இருந்தா எப்பிடிப்பா நடக்கும்?”

இருவரும் விரிசலை விரலால் காற்றிலேயே தொடர்ந்து போனார்கள், மேலிருந்து கீழாகவா, கீழிருந்து மேலாகவா என்று. சிற்பி அவர்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு அவரே பேச்சை எடுத்தார்.

அட்டைகளை எடுத்தபோது

எளிதாக எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பதின்மூன்று கதைகளும் அவருடைய உழைப்பு. நன்றாகவும் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, “நீ சொல்றது சரி. ஆனா எனக்கு வலிக்குது” என்றார். கடைசியில் தலைப்பும் செய்த பொருளும் மட்டும் உருவத்தின் பக்கத்தில், கதைகள் எல்லாம் வெளியே போகும் வாசலில் ஒரு சிறு புத்தகமாக என்று முடிவானது. வேண்டியவர்கள் தாங்கள் நினைத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு வெற்று நோட்டும் பேனாவும் வைத்தோம், பார்ப்பவர்கள் தங்கள் கதையை எழுத.

ஐந்தாம் நாளிலிருந்து அட்டைகள் இல்லை. ஆமை, காகம், தவளை மூன்றின் முன்னாலும் ஆட்கள் நிற்கும் நேரம் கண்கூடாகக் கூடியது. சாம்பார் கறையை ஆறாம் நாள் ஒரு பள்ளி ஆசிரியை கண்டுபிடித்து மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் எல்லா உருவங்களுக்கும் அப்படி நடக்கவில்லை. ஓட்டுக்குப் பதில் ரேடியோவைச் சுமந்த நத்தை ஒன்று இருந்தது. அட்டை இருந்த நாட்களில் பலருக்கும் பிடித்த உருவம் அது. இறந்துபோன தாத்தா கேட்ட மாநிலச் செய்திகளை மட்டும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் ரேடியோ என்பது கதை. அட்டை போனதும் அதன் முன்னால் யாருமே நிற்கவில்லை. நத்தை, ரேடியோ, அவ்வளவுதான். நாங்கள் மூவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ரேடியோ புத்தம் புதிதாக இருந்தது. தினமும் ஒரே நிலையத்துக்குத் திருப்பிய குமிழில் தேய்மானம் இல்லை. ஆன்டெனா வளையவில்லை. பேட்டரி மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கவில்லை. ஒரு தாத்தா முப்பது வருஷம் கையில் வைத்திருந்ததற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. கதை முழுக்க அட்டையில் இருந்தது, மண்ணில் இல்லை.

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். பொருள் கதை சொல்வது அதன் மேல் விழுந்த புழக்கத்தின் வழியாக. வளைந்த கொக்கி, கறை, மாட்டிய துணி, நெம்பிய கதவு. சிற்பி செய்து வைக்க வேண்டியது அந்தத் தடயங்களை. அதைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஓர் அம்மா சொன்னது

ஏழாம் நாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மருமகளோடு வந்தார். பீரோவின் முன்னால் நின்றவர் நகரவில்லை. மருமகள் இரண்டு முறை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சிற்பியிடம் கேட்டார்:

“இதை உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?”

“எதைங்கம்மா?”

அவருடைய அம்மா போன பதினாறாம் நாள், சாவி கிடைக்கவில்லை என்று அண்ணன்மார் கடப்பாரையால் பீரோக் கதவை நெம்பினார்களாம். உள்ளே நகை இல்லை, நான்கு புடவைதான். சாவி அப்புறம் அரிசிப் பானைக்குள் கிடைத்ததாம். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை.

“யாரும் சொல்லலைங்கம்மா. சூளையில ஆறும்போது தானா விட்ட விரிசல் இது” என்றார் சிற்பி.

“தானாவா?” என்று கேட்டுவிட்டு, வழிந்திருந்த புடவைத் தலைப்பை அந்த அம்மா ஒரு விரலால் தொட்டார். தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தோம். யாரும் தடுக்கவில்லை. நோட்டில் எழுதுகிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். இங்கே எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

அன்று மாலை நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது. பலரும் எழுதியது கற்பனை இல்லை, சொந்த வீட்டு விஷயம். ஒருவர் உறவினரின் பெயரையே போட்டுத் திட்டி எழுதியிருந்தார். அடுத்தவர்கள் புரட்டிப் படிக்கும் நோட்டு அது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, எட்டாம் நாளிலிருந்து நோட்டுக்குப் பதில் மூடிய பெட்டியும் துண்டுச் சீட்டுகளும் வைத்தோம். முதல் நாளே யோசித்திருக்க வேண்டியது. உருவம் விளையாட்டாக இருப்பதால் அது கிளறுவதும் விளையாட்டாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

விற்பனையும் அதன் பிறகும்

பதினான்கில் ஆறு விற்றது. பீரோவை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர், விரிசலை அடைத்துக் கொடுத்தால் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர் விரிசலோடுதான் வேண்டும் என்றார். இரண்டாமவருக்குக் கொடுத்துவிடலாம், எழுதிக்கொடுத்துவிட்டால் போதும் என்று நான் வாதாடினேன். சிற்பி நிபந்தனையை மாற்றவில்லை. உள்ளே இன்னும் இழுவை இருக்கிறதா என்று தெரியாமல் ஒருவர் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. மார்ச்சில், யாரும் தொடாமலே, விரிசல் கைப்பிடியைத் தாண்டி மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. இரண்டு படைக்கும் நடுவில் அடங்கியிருந்த இழுவை கோடை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

நத்தையை அவர் உடைக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது நத்தை செய்தார். குமிழ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. பேட்டரி மூடி இல்லாமல், அந்த இடத்தில் மடித்துச் செருகிய பழைய பஸ் டிக்கெட். கதை அட்டை எழுதவே இல்லை.

அடுத்த முறைக்கு

சூளையை நூறு டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறப்பதில்லை என்று பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வண்டி தேதியை சூளையைக் கேட்டுத்தான் நான் இனி முடிவு செய்வேன். சுட்ட பிறகு ஒரு வாரம் இடைவெளி இல்லாமல் எந்தக் கண்காட்சித் தேதியும் கொடுப்பதில்லை. நவம்பர், டிசம்பரில் பெரிய உருவங்களைத் தொடங்குவதும் இல்லை.

உமியை விட்டுவிடவில்லை. அது இருக்க வேண்டிய சூட்டில் இருக்கட்டும் என்று, உமி மண் உருவங்களை ஆயிரம் டிகிரிக்குள், கிளேஸ் இல்லாமல் சுடுகிறார்கள். அந்த வரிசையை முழுக்க உதவியாளரே செய்கிறார். 1,280-க்குப் போகும் உருவங்களுக்கு ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண்ணைக் கலக்கிறார்கள், ஒரே மண், ஒரே படை. குழாய்க் கால் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஓர் உருவம் முடிந்ததும் கதையைச் சொல்லாமல், அதை முன்பின் பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு, ‘இது யார் வீட்டுச் சாமான்?’ என்று மட்டும் கேட்கிறார்கள். பதில் வரவில்லை என்றால் உருவம் திரும்ப மேசைக்குப் போகிறது. பக்கத்து டீக்கடை அண்ணன் இதற்காகவே அடிக்கடி வந்து போகிறார்.

பீரோ பட்டறையின் ஜன்னலோர அலமாரியில் நிற்கிறது. விரிசலின் மேல்நுனியில் ஒவ்வொரு மாதமும் உதவியாளர் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, மாதத்தின் பெயரை எழுதுகிறார். மார்ச், ஏப்ரல், மே கோடுகளுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் தெரிகிறது. ஜூனில் அது நெல்மணி அளவு. ஜூலைக் கோட்டின் மேலேயே ஆகஸ்ட் கோடு விழுந்திருக்கிறது.